ரொம்மனின் முன்னாள் முதல் பெண்மணி

எனக்கு அந்தப் பட்டத்தைத் தந்தவர் ஒரு அறிவிப்பாளர். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவில், "மங்கள விளக்கை ஏத்திவைக்க எங்கடை முதல் பெண்மணியை அன்போடை அழைக்கிறம்" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் கணவர் அப்போது சங்கத் தலைவர். நானோ முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டிவிடுகிற வேலைக்காரி. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற ரொம்மனில் கடைக்குப் போனால், "என்ன முதல் பெண்மணி, முருங்கைக்காய் வாங்க வந்தனீங்களோ?" என்பார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? முன்வரிசையில் நடுக் கதிரை எனக்கு. இந்தியாவிலிருந்து வந்த பாட்டுக்காரருக்கு மாலை போடுவது நான். யாருடைய மகள் முதலில் ஆடுவது என்று தாய்மார் பிடுங்குப்பட்டால் தீர்ப்புச் சொல்வதும் நான்தான். எனக்கு வாய் நீளம், எல்லாருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், முன்னால் கதிரையை இழுத்துப் போடுவார்கள்.

அதைவிடப் பெரிய வசதி ஒன்றும் இருந்தது. எங்கள் ஆட்களிடையே ஒரு கொண்டாட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் சொன்னதாகாது. கணவனும் மனைவியுமாய் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் வைத்து, நேரே சொல்ல வேண்டும். சங்கத்து விழாக்களுக்கும் அப்படித்தான் போவோம். அதனால் ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டு மணியையும் நான் அடிக்கலாம். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சங்கச் செயலாளரின் மனைவி, எங்களுக்கு ரயிலில் இரண்டு தரிப்புத் தள்ளி, வெஸ்ட்லியில் இருந்தாள். கலியாணம் பேசி ஊரிலிருந்து வரவழைத்த பிள்ளை. கையில் ஒரு பெண் குழந்தை, வாயில் எந்நேரமும் "ஓம் அக்கா, ஓம் அக்கா". ஒரு பொங்கல் விழாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய சட்டைக் கை தண்ணீரில் நனைந்தது. "மடிச்சுவிடும் பிள்ளை" என்று சொல்லி, அவள் தடுக்கும் முன்பே நான் பிடித்து மடித்துவிட்டேன். முழங்கைக்கு மேலே நீலமாய்க் கண்டியிருந்தது.

"உதென்ன?"

"கதவிலை இடிபட்டது அக்கா."

"கதவுக்கு அஞ்சு விரல் இருக்கோ?"

அவள் அழத் தொடங்கினாள். எல்லாரும் வெங்காயத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்ததால் வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. "தலைவர் அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. விழா குழம்பிப்போடும்" என்றாள். பாருங்கள், அடி வாங்கியவளுக்கு விழாவைப் பற்றிக் கவலை.

அடுத்த கிழமை, வேலைக்கு நடுவில் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, ஒருக்கா வாறியளே?" குரலே சரியில்லை. வேலை உடுப்போடு டாக்ஸி பிடித்துப் போய், அவளையும் குழந்தையையும் ஏற்றி, அடிபட்ட பெண்களை வைத்துப் பார்க்கிற கிறிசெசென்டரில் கொண்டுபோய் விட்டேன். என் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு கேட்க வேண்டுமா! வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் இருக்கிற என் மச்சாள் தொலைபேசி எடுத்து, "நீயே அந்தக் குடும்பத்தைப் பிரிச்சது?" என்று கேட்கிற அளவுக்குக் கதை பரவியது. அடித்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரித்தவள் நான்தான். சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "தலைவற்றை மனிசி வீடு வீடாய்ப் போறது உதுக்குத்தானோ?" என்று கேட்டார். கைதட்டினார்கள். என் கணவர் பதவியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் இருந்தார்.

"நீர் என்னட்டை ஒருக்கா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?"

"ரண்டு பேரையும் இருத்திக் கதைச்சுப் பாப்பம் எண்டு சொல்லியிருப்பன்."

"அதுதான் கேக்கேல்லை."

நோர்வேக்காரர் எங்கள் இலங்கைச் சண்டையைப் பேசித் தீர்க்கிறோம் என்று பறந்து திரிந்த காலம் அது. எங்கள் பெரிய மனிதர்களுக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிவிட்டது. சமாதானம் பேசினார்கள். ஊரில் இருக்கிற அவளுடைய தாயை எடுத்துக் கதைக்க வைத்தார்கள். "நீ இப்பிடி நிண்டால் உன்ரை தங்கச்சியை ஆர் கட்டுவினம்?" என்று தாய் அழுதாளாம். அவன் கற்பூரம் கொளுத்தி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தானாம். அவள் குழந்தையோடு திரும்பிப் போனாள். அடுத்த தெரிவில் அவனைத் தலைவராக்கினார்கள். பொறுத்துப்போன மனிதன் என்று பெயர் வேறு.

எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது. அந்த வருட ஆண்டுவிழாவுக்குப் போகமாட்டேன் என்று நின்றேன். போகாவிட்டால் இன்னும் கதைப்பார்கள் என்று என் கணவர் இழுத்துக்கொண்டு போனார். கடைசி வரிசையில், சப்பாத்துகள் குவிந்த கதவடியில் இருந்தோம். முதல் பெண்மணியை அழைத்தார்கள். அவள் வந்தாள். நல்ல காஞ்சிபுரம் பட்டு. சேலைத் தலைப்பை வலத் தோளைச் சுற்றி இழுத்து மூடியிருந்தாள். மெழுகுதிரியை வாங்கி, இடது கையால் விளக்கை ஏற்றினாள்.

மண்டபம் சலசலத்தது. பக்கத்தில் இருந்தவள் என் காதில், "பாத்தீங்களே அக்கா, இடக்கையாலை ஏத்துறாள்! தரித்திரம். உங்கடை காலத்திலை இப்பிடி நடந்ததோ?" என்றாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒருத்தி என்னோடு வாய் திறந்து கதைத்தது அதுதான்.

"வலக்கை தூக்கேலாமல் நிக்கிறாள். உமக்குக் கண் தெரியேல்லையோ?" என்றேன்.

"ஐஸிலை வழுக்கி விழுந்தவவாம்."

ஐஸ்! ஒஸ்லோவில் பனிக்காலம் வந்தால் பாதி ஊர் கையை உடைத்துக்கொண்டு நிற்கும். அடிக்கிறவனுக்கு அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? நான் பொலிஸுக்கு எடுத்துச் சொன்னேன். போனார்கள், விசாரித்தார்கள். அவளும் ஐஸ் என்றாளாம். பொலிஸ் என்ன செய்யும், வாசலில் உறைபனி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அவளுடைய தொலைபேசி எண் மாறிவிட்டது. வேலை முடிந்து பலநாள் ரொம்மனில் இறங்காமல் கடைசித் தரிப்பான வெஸ்ட்லி வரை போய், அந்த மாடிக் கட்டடத்துக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மணியை அடிக்க எனக்கு என்ன உரிமை? என்ன சொல்லிக்கொண்டு ஏறுவேன்? வேலையில் ஒரு கிழவியின் கையில் சின்ன நீலம் கண்டாலும் தாதியைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவோம். காட்டிவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நான் அழுவேன். அவளை அவன் கொன்றுவிடப் போகிறான் என்று என் மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வசந்தத்தில் என் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு என்று அதற்கொரு சடங்கு செய்கிற எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. செய்தாலும் யார் வருவார்கள்? ஆனால் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. சடங்கு வைத்தால் வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல வருகிறவளுக்கு யாராய் இருந்தாலும் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"எனக்கு வேண்டாம் அம்மா" என்று மகள் காலை உதைத்தாள். "என்ரை கிளாஸ் அறிஞ்சால் நான் பள்ளிக்கூடமே போகேலாது."

"ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்."

பெற்ற பிள்ளையை அழவைத்து அந்தச் சடங்கை எடுத்தேன். என் கணவர் ஒரே சொல்லாய்ச் சொன்னார். "எங்கை வேணுமெண்டாலும் வாறன். அவன்ரை வாசலை மட்டும் மிதிக்கமாட்டன்." தனியாய்ப் போய்ச் சொல்வது மரியாதையில்லை. தெரிந்தும் போனேன். போகும்போது ஒரு சிநேகிதியின் காரை இரவல் வாங்கி, பின்சீற்றில் குழந்தைக் கதிரையும் பூட்டிக்கொண்டு போனேன்.

அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்கோ அக்கா, வாங்கோ! முன்னாள் முதல் பெண்மணி எங்கடை வீட்டை!" என்று வாய் நிறையச் சிரித்தான். சோபாவில் இருத்தினான். எனக்கு எதிரே தானும் இருந்தான், அசையவில்லை. அவள் தேநீர் கொண்டுவந்தாள். மெலிந்து போயிருந்தாள். குழந்தை அவளுடைய சேலையைப் பிடித்தபடி நின்றது. என்னைக் கண்டு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"பிள்ளையின்ரை சடங்கு. கட்டாயம் வரவேணும்" என்று அழைப்பிதழை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைப் பிரித்து வாசிக்கத் தொடங்கியதும் குங்குமச் சிமிழோடு எழுந்து அவளிடம் போனேன். நெற்றியில் பொட்டை வைக்கும்போது முகம் முகத்தோடு நெருங்குமே, அதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

"கார் கீழை நிக்குது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்பவே வா. நான் கத்திக் குழப்பம் பண்ணுறன், நீ இறங்கு."

அவள் தலையைக் குனிந்து பொட்டை வாங்கிக்கொண்டாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

"அண்டைக்கு நான் உங்களை நம்பி வரேல்லை அக்கா. தலைவற்றை மனிசி எண்டு நம்பி வந்தனான். உங்களை ஆரும் ஒண்டும் செய்யேலாது எண்டு நினைச்சன். இப்ப உங்களையே பின்வரிசையிலை இருத்திப்போட்டினம். என்னை எங்கை கொண்டுபோய் வைக்கப்போறியள்?"

என் விரலில் இருந்த குங்குமம் அவளுடைய மூக்கில் கொட்டியது.

"என்ன ரண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்றான் அவன்.

"ஒண்டுமில்லை. அக்காவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போதாதாம்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள். அவன் என்னை வாசல் வரை கூட்டிவந்து, "கட்டாயம் வருவம். தலைவர் குடும்பம் வராட்டில் நாலு சனம் என்ன கதைக்கும்?" என்றான்.

வந்தார்கள். தலைவர் வருகிறார் என்று தெரிந்ததும் எல்லாரும் வந்தார்கள். என்னோடு இவ்வளவு காலமும் முகம் கொடுக்காதவர்கள் எல்லாம் சமையலறைக்குள் புகுந்து, "அக்கா, வடைக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டார்கள். என் கணவருக்குக் கை கொடுத்தார்கள். மனிதர் கண் கலங்கிப் போனார். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டவரும் வந்து, "பழசை மறப்பம் தங்கச்சி, இப்ப எல்லாம் சரிதானே" என்றார். மண்டபம் நிறைந்துவிட்டது. கதிரை போதாமல் பக்கத்து அறையிலிருந்து எடுத்துவந்து போட்டார்கள்.

அவள் முன்வரிசையில், அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். என் மகளை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு நான் அவளைத் தாண்டிப் போனபோது நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.