அடிக்காமல் விட்ட லைட்

கிண்ணியா மீன் வியாபாரி தாஹிருக்கு வெள்ளிக்கிழமையில் மோட்டார் சைக்கிளைத் தொடவே பிடிக்காது. கிழமை முழுக்க மீன் சுமந்த வண்டிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்த கையோடு எழும்பி, வண்டியின் பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டியை அவிழ்த்து இறக்கினார். மனைவி நஜ்முன் நிஸா குசினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க போறீங்க? சோறு அப்படியே கிடக்கு."

"தம்பலகாமத்துக்கு. கதிரவேலப் பாத்துட்டு வாறன்."

"போங்க, போங்க. நானும் சொல்லத்தான் இருந்தன். ஒரே தொழில் செய்றவங்க, கால் முறிஞ்சு கிடக்கிற மனிசன இன்னும் போய்ப் பாக்காட்டி சனம் என்ன நினைக்கும்?"

அவளே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, வீட்டுக்கென்று வைத்திருந்த நல்ல விளைமீனை எடுத்து, சொப்பிங் பேக்கில் சுற்றி ஹாண்டிலில் மாட்டிவிட்டாள். "அவர்ட பெண்சாதி தங்கேஸ்வரியையும் நான் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றாள். பெண்சாதியின் நல்ல மனசைக் கண்டு எரிச்சல் வருவது எவ்வளவு கேவலம் என்று தாஹிருக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வந்தது. அவளுக்கு நடந்தது தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் அவர் இப்போது போகிறார். போன வெள்ளியும் இதே எண்ணத்தோடு வெளிக்கிட்டு, காட்டு வளைவு வரைக்கும் போய், ஒரு மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்தான்.

தாஹிரின் வாப்பா கடலுக்குப் போனவர். மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறி அரை மணி நேரத்தில் குடலைக் கக்குவார். கடற்கரையில் பிறந்து கடலுக்கு உதவாதவன் என்று கூட்டாளிகள் பண்ணிய கிண்டல் பொறுக்காமல் கத்தாருக்குப் போய் லொறி ஓட்டினார். திரும்பி வந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் பெட்டி கட்டி, மீனைக் கடலிலிருந்து எதிர்த்திசையில் கொண்டுபோகும் தொழிலைத் தொடங்கினார். சூரங்கல் தாண்டி, வயல் தாண்டி, பற்றைக்காட்டு றோட்டு தாண்டி, தம்பலகாமத்துக்கு அங்காலே காட்டோரத்தில் கிடக்கும் ஊர்கள்தான் அவருடைய ஊர்கள். கல்யாணம், மையித்து வீடு, கோயில் திருவிழா எல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் மலிவான சூடை வாங்குவார்கள், எந்த வீட்டில் விலை கூடிய பாரையைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடுவார்கள் என்பதும் தெரியும். அவருடைய ஹோன் சத்தத்துக்குப் பெண்கள் வர முன்னம் பூனைகள் வந்துவிடும். "மீன் நானா" என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

கதிரவேல் வரும் வரைக்கும்.

கதிரவேல் தம்பலகாமத்துக்காரன். குளத்து மீன் விற்றுக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னம் கடல் மீனுக்கு மாறினான். தாஹிர் போகும் ஊர்களுக்கே போனான், அதுவும் அவருக்கு முந்திப் போனான். தராசில் நிறுத்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டு ஒரு பிடி கீரி மீன் கூடப் போடுவான். "அவர் கூடப் போடுறாரே நானா" என்று சனம் சொல்லத் தொடங்கியது. தாஹிர் அவனோடு முகத்துக்கு நேரே ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. வழியில் கண்டால் சலாம் போலக் கையைத் தூக்குவார், அவனும் தூக்குவான். உள்ளுக்குள் மட்டும் கறுவிக்கொண்டே இருந்தார்.

அந்தக் காட்டு றோட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பொலிஸ் நின்றால் எதிரே வருகிறவனுக்கு லைட்டை இரண்டு தரம் அடிக்க வேண்டும். யானை நின்றால் விடாமல் அடிக்க வேண்டும். பகை, உறவு, சாதி, சமயம் ஒன்றும் அதில் கிடையாது. வழக்குப் பேசிக்கொண்டு ஒரு வருஷமாய் முகம் பாராத அண்ணன் தம்பிகூட ஒருவருக்கொருவர் லைட் அடித்துவிட்டுத்தான் போவார்கள். அதைச் செய்யாதவன் அந்த றோட்டில் ஓடத் தகுதியில்லாதவன். தாஹிரே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்.

ஒரு மாதத்துக்கு முன்னம் ஒரு நாள் பின்னேரம் பெட்டியில் பாதி மீன் மிஞ்சிக் கிடந்தது. ஊருக்கு ஊர், "கதிரவேல் இப்பத்தான் போறார் நானா" என்ற ஒரே கதை. மீன் நாறத் தொடங்கியிருந்தது, அவருடைய மனமும்தான். பொழுது சாயும் நேரம் காட்டு வளைவுக்கு வந்தபோது பற்றைக்குள் ஒரு தனி யானை நின்றது. காதை ஆட்டாமல் நின்றது. அதுதான் கெட்ட அறிகுறி. தாஹிர் கலிமா சொல்லிக்கொண்டு ஓரமாய் ஊர்ந்து தப்பி வந்துவிட்டார். வளைவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், எதிரே ஒரு வண்டி. முன்னால் மேலதிகமாய்ப் பூட்டிய மஞ்சள் லைட். அப்படி ஒரு லைட் கதிரவேலிடம் மட்டும்தான் இருந்தது. மறுநாளைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

தாஹிரின் பெருவிரல் பழக்கத்தில் சுவிச்சுக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. கொஞ்சம் பயப்படட்டும், நாளைக்குப் பிந்தி வரட்டும் என்று ஒரு எண்ணம். அவ்வளவுதான். மஞ்சள் லைட் அவரைக் கடந்து போனது.

விடிய மீன் எடுக்கப் போன வாடியில் செய்தி கிடைத்தது. யானை துரத்தியிருக்கிறது, வண்டி மதகுக்குள் விழுந்திருக்கிறது, கதிரவேலின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அன்றைக்குத் தாஹிரின் பெட்டி பத்து மணிக்கு முன்னம் காலியானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலியானது. "இப்பெல்லாம் மீன் மிஞ்சிறல்ல, என்ன?" என்று நஜ்முன் நிஸா சந்தோசமாய்க் கேட்டபோது அவர் பெட்டியைக் கழுவ எழும்பிப் போனார். தராசில் மீன் வைக்கும்போதெல்லாம் அவனுடைய காலை நிறுத்து விற்பது போலிருந்தது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்கள் கையை விட்டுப் போய்விடும், மீன் நானா என்ற பெயர் போய்விடும். அது இரண்டு பேருடைய கதையாகவும் நிற்காது. கிண்ணியாக்காரன் தம்பலகாமத்தானுக்குச் செய்தது என்று ஊர்க் கதையாகப் பெருத்துவிடும். இத்தனையும் யோசித்துத்தான் ஒரு மாதத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தார். நித்திரைதான் அவரை விடவில்லை.

பெட்டியில்லாத வண்டி பள்ளம் திட்டியில் துள்ளியது. சூரங்கலில் தேத்தண்ணிக் கடைக்காரர் கை காட்டினார், தாஹிர் நிற்கவில்லை. நின்றால் கதைக்க வேண்டும், கதைத்தால் துணிவு கரைந்துவிடும். வயல்வெளியில் அறுவடை முடிந்த நெல்தாளை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுப் படலையடியில் வாடிக்கைக்காரப் பெண் துஷாந்தி கோப்பையோடு ஓடி வந்து, பின்னால் பெட்டி இல்லாததைக் கண்டு சிரித்தாள். "வெள்ளிக்கிழமை எண்டதை மறந்திட்டன் நானா. கதிரவேல் அண்ணனும் இல்லை, இப்ப உங்களை விட்டா எங்களுக்கு ஆர்?" என்றாள். தாஹிர் பல்லைக் காட்டிவிட்டு முறுக்கினார்.

காட்டுக்குள் நுழைந்ததும் வண்டிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பாலை மரங்களுக்கு இடையில் வெயில் துண்டு துண்டாய்க் கிடந்தது. வளைவில் யானை இல்லை. மதகடியில் மஞ்சள் கண்ணாடித் துண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடந்தன. போன வெள்ளி அவரைத் திருப்பி அனுப்பியவை அவைதான். இந்த முறை அவற்றைப் பார்த்துக்கொண்டே, "யா அல்லாஹ், வாயைத் திறக்கும் வரைக்கும் என்னை விட்டுடாத" என்று சத்தமாய்ச் சொல்லிக்கொண்டு கடந்தார்.

கதிரவேல் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு ஸ்டூலில். தாஹிரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நானா! இவ்வளவு தூரம் எனக்காகவா வந்தீங்க? தங்கேஸ்வரி, ஆர் வந்திருக்கினம் எண்டு பார்."

மீனை வாங்கிச் செவுளை விரித்துப் பார்த்தான். பழக்கம் விடுமா? "நல்ல மீன். வேற ஆரும் எண்டா ஐஸ் மீனைத்தான் கொண்டு வந்திருப்பாங்கள்" என்றான். அவனுடைய மனைவி தங்கேஸ்வரி அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தேத்தண்ணியோடு வந்தாள். பிறகு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மனசில் இருந்ததைக் கொட்டத் தொடங்கினாள்.

"எதிர்ல ஒருத்தன் வந்தவனாம் நானா. யானையைக் கண்டிட்டுத்தானே வந்திருப்பான்? ஒருக்கா லைட்டை அடிச்சிருந்தா இவர் நிண்டிருப்பார். அவனெல்லாம் மனிசனா? அவன் நல்லா இருப்பானா, சொல்லுங்கோ."

"இருக்கமாட்டான்" என்றார் தாஹிர்.

"சும்மா இரப்பா" என்று கதிரவேல் மனைவியை அடக்கினான். "எங்கட றோட்டில ஓடுறவன் ஒருத்தனும் தெரிஞ்சு அப்படிச் செய்யமாட்டான். அந்த மனிசன்ட சுவிச் பழுதாயிருந்திருக்கும். ஆரெண்டு தெரியாமல் சபிக்கிறது பாவம். என்ன நானா?"

இவ்வளவு நல்லவனாய் அவன் இருந்திருக்க வேண்டாம். தாஹிர் தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"சுவிச் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

"என்ன நானா?"

"எதிர்ல வந்தது நான்தான், தம்பி. உங்கட மஞ்சள் லைட்டக் கண்டனான். நீங்க எண்டு தெரிஞ்சுதான் அடிக்கல்ல. பெட்டியில மீன் மிஞ்சின கோவம். விழுவீங்க எண்டு நினைக்கல்ல, அல்லாஹ் மேல சத்தியம். ஆனா பயப்படட்டும் எண்டு நினைச்சன். அதுவும் சத்தியம்."

கதிரவேல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏசுவான், கையில் கிடைத்ததை எறிவான் என்று வழி முழுக்க நினைத்து வந்த தாஹிர் அதற்காகக் காத்திருந்தார். தங்கேஸ்வரி வந்து, அவர் பாதி குடித்த கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்போது கதிரவேலின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ம்… எவடத்தில?… ம்" என்று கேட்டுவிட்டு மடியில் வைத்தான்.

"நீங்க போங்க நானா" என்றான், நிமிராமல்.

"தம்பி, உங்கட கால் சுகமாகும் வரைக்கும் நான்…"

"போங்கோ."

தாஹிர் எழும்பினார். ஹெல்மெட்டைப் போட்டு, வண்டித் திறப்பை எடுத்துத் துவாரத்துக்குள் போடுகையில் தங்கேஸ்வரி படலைக்கு வந்தாள். கையில் அதே சொப்பிங் பேக். அவரைப் பாராமல் அதை ஹாண்டிலில் மாட்டினாள்.

"இது எங்களுக்கு வேண்டாமாம்."

தாஹிர் தலையை ஆட்டினார். அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"வளைவடியில யானை இறங்கி நிக்குதாம். பக்கத்து வீட்டுப் பிரவீனன் உழவு மெசினோட போகேக்க கண்டிட்டு இப்பத்தான் போன் பண்ணினது. அவசரப்படாமல், பாத்துப் போகச் சொல்லி அவர் சொன்னவர்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காடு தொடங்கும் இடத்தில் தாஹிர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதற்குள் முகம் நனைந்து போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு ஸ்கூட்டி வேகமாய் வந்தது. புருஷன், பெண்சாதி, நடுவில் ஒரு சின்னப் பிள்ளை. தாஹிர் நடு றோட்டுக்கு இறங்கி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"போக வேணாம். வளைவுல யானை நிக்குது."

"ஆர் சொன்னது?" என்று கேட்டான் அந்தப் புருஷன்.

"கதிரவேல்" என்றார் தாஹிர்.