சுபத்ரா அக்காவும் உள்ளே இருந்த கம்ப்யூட்டரும்

சிம்மக்கல் அச்சகத்து முதலாளி போனில் கூப்பிட்டார். "மாப்ள, நம்ம சுபத்ராம்மா போயிருச்சு. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்காங்க, காப்பாத்த முடியல. போஸ்டர் அடிக்கணும், ரெண்டு வரி சொல்லுங்க." நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டார்: "பொறுமையின் சிகரம்னு போட்டுரவா?"

அந்தத் துக்கத்திலும் தூக்கிவாரிப் போட்டது. அக்காவோடு பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொறுமைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

கேதத்துக்குப் போனால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறார்: "தங்கமான அம்மா. என்ன, அந்த விழா மலரை மட்டும் அழிக்காம இருந்திருந்தா ஒரு குறை சொல்ல முடியாது." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலி என்றால் கண்ணீர் வர வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அக்கா எம்.எஸ்ஸி. கணிதம். சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அச்சகத்தில் என் நகைச்சுவைக் கட்டுரைகளை டைப் செய்தபடியே, போனில் தங்கையிடம் அவர்கள் மொழியில் ஏதோ படித்துக் காட்டிச் சிரிப்பார். நம் எழுத்து சௌராஷ்டிரம் வரைக்கும் போய்விட்டது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். பிற்பாடு தங்கையே எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார்: "சிரிக்கிற எடத்துல ஒரு கோடு போட்டுக் குடுத்தா இவருக்குப் புண்ணியமாப் போகும்."

அச்சகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய தமிழ் டைப்செட்டிங் சாஃப்ட்வேர் அதில் ஓட மறுத்துவிட்டது. எங்கள் எழுத்தெல்லாம் அந்தப் பழைய எழுத்துருவில்தான் இருந்தது. அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவைத்தார். திரைக்குள் ஒரு சின்னத் திரை. நிஜத்தில் அப்படி ஒரு பெட்டி கிடையாது, ஆனால் வேலை செய்யும். வர்ச்சுவல் மெஷின் என்றார். நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன்.

"ஒண்டுக்குடித்தனம்னு வச்சுக்கங்க தம்பி. உள்ள குடியிருக்கவுக அடுப்புல சோறு பொங்கிக்கிட்டு இருக்கைல நீங்க வெளிக்கதவைப் பூட்டிட்டுப் போவீகளா? உள்ள வேலையச் சேமிக்கணும். உள்ளயே அணைக்கணும். அந்தச் சின்னத் திரை தானா மறையணும். அப்புறந்தான் வெளிக் கம்ப்யூட்டரு."

சின்னத் திரையின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை நான் ஒருநாள் தொடப் போனதற்கு என் கையில் அடி விழுந்தது. அதை அழுத்தினால், அப்படியே உறைய வைக்கவா, ஒழுங்காக அணைக்கவா, பட்டென்று நிறுத்தவா என்று கேட்குமாம். "கடைசிக் கேள்வி இருக்கே, அது பிளக்கைப் பிடுங்குற வேலை. மரியாதையாத்தான் கேக்கும், செய்யிறது கொலை!"

சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளி கத்துவார்: "அணைச்சாச்சா?"

"உள்ள அணையுதுண்ணே, இருங்க."

"அம்புட்டு நேரமா?"

"ஒங்க வீட்டுல தூங்கப் போறதுக்கு எம்புட்டு நேரமாகும்? அம்புட்டு ஆகும்."

அக்கா உள்ளே இருப்பவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்று ஊரெல்லாம் கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அடியேன்தான்.

அந்த வருட ஆயுத பூஜை. ஒரு தெருச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் முழுவதும் உள்ளே இருந்தது. நான் பொரிகடலைக்காகப் போயிருந்தேன். லீவுக்கு முன்னால் மலருக்கு நகல் எடுத்துவிட வேண்டும் என்று அக்கா உள்ளே அணைத்துக்கொண்டிருந்தார். ஓடுகிறபோது நகல் எடுத்தால் நம்ப முடியாது, மூடினால்தான் சரியாக வருமாம். முதலாளிக்கோ நல்ல நேரம் முடியப் போகிறது, ஆயுதங்களெல்லாம் ஓய்வெடுத்தாக வேண்டும். "இருங்கண்ணே, இருங்கண்ணே" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி மெயின் சுவிட்சை இழுத்தார். நல்லவேளையாக யூபிஎஸ் இருந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. ஆனால் யூபிஎஸ் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. முதலாளி கையில் சூடத் தட்டு. "தீபாராதனை நேரத்துல என்னம்மா இது அபசகுனமா?" என்று, சந்தனம் குங்குமம் வைத்த அந்த யூபிஎஸ் பெட்டியின் பட்டனையும் தானே அமுக்கினார். நிசப்தம். தெய்வாம்சம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அக்கா தட்டைத் தொடவில்லை.

போட்டுப் பார்க்கவும் விடவில்லை. பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக் கூடாதாம். மறுநாள் போட்டால், உள்ளே இருந்த கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. பழைய நகலிலிருந்து மற்றதெல்லாம் மீண்டது. மலர் போனது போனதுதான்.

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். "ஆப்பரேட்டரம்மா தெரியாம அழிச்சிருச்சு" என்றார் முதலாளி, நாக்குக் கூசாமல். அக்கா எழுந்து நின்றார். "மெயினை இழுத்தது இவரு. யூபிஎஸ்ஸை அமுக்குனதும் இவருதான். உள்ள ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டராம்ல!" என்றார் சங்கச் செயலாளர். "அதுக்குள்ள இன்னொன்னு இருக்காம்மா?"

நான் சும்மா இருக்கவில்லை. நானும் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். முதல் வாக்கியத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவர்கள் கடைசிவரை நிறுத்தவில்லை. "அண்ணே, இதையே அடுத்த வாரம் எழுதிருங்க" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். எத்தனையோ மேடையில் சிரிப்புக்காகத் தவம் கிடந்திருக்கிறேன். அன்றைக்கு வேண்டாத சிரிப்பு கூடை கூடையாக வந்தது.

அக்கா மலர் முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். அதில் முதலாளியின் பொறுமைக்கு நன்றி என்று ஒரு பக்கமே இருந்தது. அந்தப் பக்கத்தையும் அடித்தவர் அக்காதான். அடித்து முடித்து, உள்ளே அணைத்து, வெளியே அணைத்து, பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அச்சகத்தில் மறுபடி காலை வைக்கவில்லை. அழித்தவர் என்ற பெயர் மட்டும் அவரோடு போகாமல் அங்கேயே தங்கி, இப்போது கேத வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அதனால்தான் அங்கேயே சொன்னேன். "அண்ணே, மெயினை இழுத்தது நீங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் பழக்க தோஷத்தில் சிரிக்க வாயைத் திறந்தார். உள்ளே இருந்து வந்த அக்காவின் தங்கை, "சிரிக்காதீங்க. அவரு சொல்றது நெசம்" என்றார்.

"சாவு வீட்டுல வந்து என்ன மாப்ள இது?" என்றார் முதலாளி.

அக்காவின் கணக்கு அறிவு எனக்கு வராது. அவர் கோடு போடச் சொன்ன இடத்தில் சிரிப்பும் என் எழுத்தில் இன்னும் வந்தபாடில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, நம்பாதவர்கள் முன்னால் நின்று சொன்னதையே சொல்லும் அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். ஆகவே மறுபடியும் சொல்கிறேன். சுபத்ரா அக்கா எதையும் அழிக்கவில்லை. அணைத்துக்கொண்டிருந்தார். இருங்கள் என்றார். யாரும் இருக்கவில்லை.