வலிக்காது என்று சொன்னது நான்தான்

போன ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. சீக்கிரம் அடைக்கச் சொல்லிப் பள்ளியில் கடிதம் கொடுத்திருந்தார்கள். சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருந்தகத்துக்கு அவளைக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அரை நாள் லீவு போட்டேன்.

உண்மையைச் சொன்னால் வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டி, வளையல் வாங்கப் போகிறோம் என்றேன். வழியெல்லாம் குஷியாக வந்தாள். மருந்தகக் கதவில் வரைந்திருந்த பல்லைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டாள். வலிக்காதுடா, வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிக்கொண்டே போனது.

எப்படியோ நாற்காலியில் உட்கார வைத்தோம். வாயைத் திறக்கவே இல்லை. பாட்டுப் பாடினேன், கெஞ்சினேன், ஐபேட் தருகிறேன் என்றேன், கடைசியில் அதட்டினேன். ம்ஹூம். இன்று முடியாவிட்டால் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யவேண்டி வரும் என்று மருத்துவர் சொன்னார். ஏழு வயசுப் பிள்ளைக்கு மயக்க மருந்தா?

அங்கே உதவியாளராக இருந்த தமிழ்ப் பெண், என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். பெற்ற அப்பனையே வெளியே அனுப்புவதா என்று கோபம் வந்தது. ஆனாலும் திறந்திருந்த கதவருகே போய் நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் வலிக்கும் லா. ஊசி போடறப்ப சுருக்குன்னு இருக்கும். நீ கையத் தூக்குனா டாக்டர் உடனே நிறுத்திடுவாங்க, ஓகே?" என்றார் அவளிடம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊசி என்ற வார்த்தையே அவள் காதில் விழாமல் ஒரு வாரமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

மருத்துவர் கருவியோடு குனிந்ததும் மகள் கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார். மூன்றாவது முறையும் சோதித்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாள். ஊசிக்கு ஒரு முனகல், அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலிக்காது என்றவனைப் பார்த்து அழுதவள், வலிக்கும் என்றவரிடம் வாயைத் திறக்கிறாள். இது என்ன நியாயம்?

வளையல் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மரத்துப்போன உதட்டோடு கேட்டாள்:

"அப்பா, வலிக்காதுன்னு சொன்னீங்களே. உங்களுக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியாது என்றால் நான் முட்டாள், தெரியும் என்றால் பொய்யன். நல்லவேளையாக பஸ் வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அன்று அவள் பயந்தது ஊசிக்கா, என் பேச்சுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. அவளிடமே கேட்டுவிடலாம், ஆனால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.