ஊபர் பெட்டியும் அவர் உள்ளங்கையும்

எழுத்து எனக்கு ஒழுங்காக வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். ஞாபகமும் இப்போது முன்னுக்குப் பின்னாகத்தான் வருகிறது. அப்படி வந்தால் நீங்களே எடுத்து ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை டீவிக்குப் பின்னால் ஏதோ வயர் விட்டுப்போய், ஒரு ஆள் வந்து ஒட்டிக் கொடுத்தார். ஈயத்தைச் சூடு காட்டி வைத்தபோது ஒரு புகை எழும்பியது. பாதி குங்கிலிய வாசம், பாதி தகர வாசம். இதை எங்கேயோ மோந்திருக்கிறேனே என்று கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது. அட்டன் டவுனில், ரிப்பேர் பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்குடைய கடை! எங்கள் ஊபர் பெட்டியை மேசையில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தக் கடை.

ஊபர் தெரியும்தானே? பாட்டுச் செட்டோடு வரும் தடிப் பெட்டி. பாடுவதெல்லாம் கூட வரும் சின்னப் பெட்டிகள்தான். இது தம், தம் என்று அடி மட்டும் கொடுக்கும். கொழும்பில் கடையில் வேலை செய்த எங்கள் மகன் ஒரு தீபாவளிக்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. தொண்ணூறுகளில் ரேடியோவில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கேட்பார். பிறகு அதுவும் முடியாமல், ரேடியோவைத் துணி போட்டு மூடிவிட்டார். மகன் செட்டைப் போட்ட அன்றைக்கு எழும்புவதற்குக் கை ஊன்ற இடம் தேடி, இந்தப் பெட்டிமேல் ஊன்றினார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, பாட்டு கையில வருதுடி!"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கை பெட்டிமேல். அடியை வைத்தே இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துக் கூடவே பாடவும் செய்வார். பத்துக்கு நாலு சரியாக இருக்கும். நான் திருத்தப் போவதில்லை. லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, ஒரு காம்பராவின் சுவர்தான் அடுத்த காம்பராவுக்கும் சுவர். அடி கடைசிக் காம்பரா வரைக்கும் போகும். அடுத்த காம்பரா பாக்கியம் அக்கா சுவரைத் தட்டிக் கத்துவார்.

"அடியே, பொட்டி அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். அண்ணன் பாடுறத நிப்பாட்டு. அடையில இருந்த கோழி முட்டைய விட்டு ஓடுது!"

பிறகு ஒரு மழைக்காலத்தில் பெட்டி சோர்ந்து போனது. முதலில் ஒரு கை வைத்தார், பிறகு இரண்டு கையும் வைத்தார். "அடி செத்துப்போச்சு புள்ள" என்றார். அவ்வளவுதான். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் போய் மழையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என்னோடு பேச்சும் குறைந்தது. பேசினால் நான் சைகையில் பதில் சொல்ல வேண்டும், அது அவருக்கு வெட்கம். பாட்டு இருந்தவரை அந்த வெட்கம் இல்லை.

பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னாடி, செவரு சும்மா கெடக்கு? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

அக்கா வீட்டுப் போனில் மகன் சொன்னான்: "அந்தப் பழசத் தூக்கிப் போடுங்கம்மா. புதுசு சின்னதா, அழகா வந்திருக்கு. வாங்கித் தாரேன்."

"பழுது பார்த்தா ஓடுமேடி" என்றார் அக்கா. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியைப் போர்வையில் கட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் அட்டனுக்கு பஸ் ஏறினோம்.

முதலில் புதுசு விற்கிற கடை. அவர் ஒவ்வொரு பெட்டியாகக் கையை வைத்துக்கொண்டு போனார்.

"ஐயா, தொடாம கேளுங்க" என்றது கடைப் பிள்ளை.

அவருக்குக் காது கேட்காது என்று வெளி ஆட்களிடம் நான் சொன்னதே இல்லை. "தம்பி, அவரு... கையாலதான் கேப்பாரு" என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு சத்தத்தை முழுக்கத் திருகி விட்டது. தெருவில் போனவர்களே திரும்பினார்கள்.

வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். "இதுல ஆளே இல்ல."

அடுத்தது ரிப்பேர் பாஸ். அவர் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்த வேறு ரேடியோவைத் தள்ளிவிட்டு எங்கள் பெட்டியை எடுத்தார். முன்பக்கத்து ஓட்டையில் இரண்டு விரலை விட்டு இழுத்தார். துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுவோமே, அந்தப் படங்கு! என் பழைய படங்கின் துண்டுகள்.

"யாரு ஐயா இத அடைச்சது?"

மழை தொடங்கினால் லயத்தில் ஓட்டை தேடுவதுதான் எங்கள் ஆம்பிளைகளின் வேலை. தகரத்து ஓட்டை, கதவிடுக்கு, எலிவளை எல்லாவற்றையும் அடைப்பார்கள். இவர் பெட்டியையும் விடவில்லை.

நான் சைகையில் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பின்ன? குளிரு உள்ள போனா அதுக்குச் சளி புடிக்காதா?"

பாஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆனால் உள்ளே ஸ்பீக்கர் தாளைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையமும் வெடித்திருந்தது. "ஒட்டித் தாரேன்மா. பழசு, ரொம்ப நாளைக்குத் தாங்காது. புதுசே நல்லது" என்றார்.

பசை காய்ந்ததும் பாட்டுப் போட்டார். வீட்டுக்காரர் கை வைத்தார். கண்ணை மூடினார். "இருக்கான்" என்றார். அதோடு தீர்ப்பு முடிந்தது. பஸ்ஸில் பெட்டியை மேலே போடச் சொன்னபோது கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பாஸ் சொன்னதைவிட நன்றாகவே தாங்கியது. சுவரும் அதிர்ந்தது, அக்காவும் கத்தினார். வீட்டுக்காரருடைய கடைசி மழைக்காலத்தில்தான் பசை விட்டுப்போனது. பெட்டி கரகர என்றது. கை வைத்துப் பார்க்க அவரும் வேண்டுமே, படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்கு எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போட்டு, அவர் கையை எடுத்து நானே பெட்டிமேல் வைப்பேன். "தெரியுதாங்க?" என்று கண்ணால் கேட்பேன். தலையை ஆட்டுவார். பாடமாட்டார்.

இப்போது பெக்டரி ஓடுவதில்லை. பாஸ் கடையில் போன் உறை விற்கிறார்கள். பாக்கியம் அக்கா கந்தப்பளைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். லயத்தை இடித்து எங்களுக்குத் தனித்தனி வீடு கொடுத்தார்கள். நல்ல வீடு. யார் சுவரும் யார் சுவரையும் தொடுவதில்லை.

ஊர், வருஷம் எல்லாம் பிழையாக இருந்தால் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும், இந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ரப்பர் கிழிந்த பெட்டியில் கை வைத்தால், கொஞ்சமாவது அடி தெரியுமா? இல்லை, எனக்காகத்தான் தலையை ஆட்டினாரா?