முன்னால் நடந்தவன்

பவானிபூரில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தேன். அடுத்த வகுப்புப் பையன்களும் வந்து சுவரோரம் நின்று கேட்கிற பாடம் ஒன்று இருந்தது. நடப்பதையும் நகர்வதையும் சொல்லும் வினைச்சொற்கள். அவற்றை நான் பலகையில் எழுதுவதில்லை. மேடையில் நடந்தே காட்டுவேன். கைகளைப் பின்னால் கட்டி அவசரமில்லாமல் போனால் ஸ்ட்ரோல். அதே நடையில், நாலு பேர் பார்க்கட்டுமே என்ற நினைப்பு கலந்தால் சாண்டர். காலோடு மனமும் கனக்க நடந்தால் ட்ரட்ஜ். அதே கனத்தை அலுத்துக்கொள்ளாமல் சுமந்து போய்ச் சேருகிறவனுக்கு ப்ளாட். பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்துப் போவது ஷஃபிள். இதை நான் நடிக்கும்போது பையன்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

கடைசியில் ட்ரிஃப்ட் அபார்ட் என்று ஒரு தொடர் சொல்வேன். ஹவுரா படித்துறையில் கட்டு அவிழ்ந்த இரண்டு படகுகளைக் கற்பனை செய்யுங்கள், யாரும் துடுப்புப் போடவில்லை, சண்டையும் இல்லை, ஆனாலும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே இருக்கிறது என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

சென்ற மார்கழியில் என் மனைவியை டாலிகஞ்சில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே விழுந்திருந்தாள். மருத்துவர் வங்காளி, என் மகள் வயதிருக்கும். இவளை அறையில் இப்படியும் அப்படியும் நடக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: “என் முன்னால் எல்லோரும் நன்றாகத்தான் நடப்பார்கள். தெருவில் இவர் எப்படி நடக்கிறார்? காலைத் தூக்கி வைக்கிறாரா, தேய்க்கிறாரா? அது தெரிந்தால்தான் என்ன மருந்து என்று நான் முடிவு செய்ய முடியும்.”

எனக்குத் தெரியவில்லை. திருமணமான நாளிலிருந்து நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். நடைபாதையெல்லாம் கடைகள், இருவர் சேர்ந்து போக இடமில்லை என்று காரணமும் வைத்திருந்தேன். அகலமான தெருவிலும் அப்படித்தான் நடந்தேன் என்பதே உண்மை.

“ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். என் மாணவன் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையிலிருந்து அவள் பின்னால் நடந்தேன். பனி இறங்கி, தெருவே பாதி உறக்கத்தில் இருந்தது. டிராம் கம்பிகள் எங்கோ தொடங்கி எங்கோ கரைந்தன. சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஓர் உருவம் எனக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. அது என் மனைவி என்பதை நான் அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வலது கால் எட்டி விழுந்தது. இடது கால் தயங்கி, செருப்பின் முனை தரையில் உரச, பின்னால் வந்து சேர்ந்தது. இடது கை மட்டும் வீசவேயில்லை. மேடையில் நான் நடித்த எந்த நடையும் இதுவல்ல.

கீரைக்காரி அவளைப் பார்த்ததும், பெரியம்மா முறை வைத்து, “மாஷிமா, இன்னிக்கு உங்க பின்னாடி போலீஸா?” என்று வங்காள மொழியில் கேட்டாள்.

“கொஞ்சம் வயசான போலீஸ்” என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு தெரு அவளுக்கு இருந்தது.

சிறிது தூரம் போனதும் நின்றாள்.

“ஏன்னா, நீங்க முன்னாடியே போங்கோ. யாரோ துரத்தற மாதிரி இருக்கு.”

“நீ எப்படி நடக்கறேன்னு பார்க்கணும்டி. டாக்டர் கேட்டாளே.”

“என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? போன பூஜைலேர்ந்தே இப்படித்தான்.”

அப்போதுதான் சொன்னாள். துர்கா பூஜைக் கூட்டத்தில், பந்தல் வாசலில், அவள் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டதாம். என்னைக் கூப்பிட்டாளாம். தாக் மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்கடுத்து நடந்தது எனக்கே நினைவிருக்கிறது. வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு திரும்பி வந்து, அத்தனை பேர் முன்னால், “வேடிக்கை பார்த்துண்டு நிக்கறியே, புத்தி இருக்கா?” என்று கத்தினேன். ஒரு பெண் நகர முடியாமல் நிற்பதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, அவள் வேண்டுமென்றே நிற்கிறாள் என்று நான் முடிவு செய்தேன்.

“ஏன் அப்பவே சொல்லலை?”

“உங்க முதுகைப் பார்த்து என்னத்தைச் சொல்றது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் மருத்துவரிடம் எல்லாம் சொன்னேன்: உரசும் செருப்பு, வீசாத கை, பந்தல் வாசல். அவர் குறித்துக்கொண்டார். நடுக்கம் இல்லாமலே வருகிற நடுக்குவாதம் என்றார். பூஜை சமயத்திலேயே வந்திருந்தால் இவர் இரண்டு முறை விழுந்திருக்க வேண்டியதில்லை என்று மென்மையாகச் சொன்னார். முழுதாகக் குணமாகாது, மருந்தில் நடையைக் கொஞ்சம் மீட்கலாம் என்றார்.

திரும்பும்போது மெட்ரோ நிலையத்தில் வண்டி வந்து கதவு திறந்தது. அவள் விளிம்பில் நின்றாள். கால் எழவில்லை. அவளுடைய முழங்கை என் கையில் நடுங்காமல், மரம் போல இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து ஒருவர் கை நீட்டினார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். கதவு மூடி வண்டி போனது.

“போயிடுத்தே” என்றாள்.

“போகட்டும்.”

பெஞ்சில் உட்கார்ந்தோம். மாலை வெளிச்சம் தண்டவாளத்தின் மேல் பாலேடு மாதிரி படிந்திருந்தது. கீரைக்காரியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஹவுராவில் பட்டறை வைத்திருக்கிறானாம். அடுத்த வண்டி வந்து கதவைத் திறந்தது. அவள் கதை முடியவில்லை. அதையும் போகவிட்டோம்.