தப்பாக மாட்டிய கேபிளும் பாஸ் ஆனது

துகள் முடுக்கிக்கு வேண்டிய எலக்ட்ரானிக் கார்டுகளைப் பெரம்பலூரில் செய்கிறோம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. "பருத்தி, மக்காச்சோளம்னா ஒத்துக்கலாம்" என்று என் கணவரின் தம்பியே கிண்டல் செய்தார். நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அரியலூர் சாலையில், டிராக்டர் ஷோரூமின் மாடியில் எங்கள் யூனிட் இருக்கிறது. சிமெண்ட் லாரி போனால் மேசை அதிரும். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து கார்டில் படியும் என்பதால் நான் திறக்க விடுவதில்லை. சித்திரை வெயிலில் அதற்காக என்னைத் திட்டாதவர்கள் அங்கே கிடையாது, நானும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கார்டின் வேலை எளிது. முடுக்கியில் ஒரு குழாய்க்குள், அணுவைவிடச் சின்னத் துகள்களின் கற்றை படுவேகமாக ஓடுகிறது. அது நடுவில் ஓடுகிறதா, ஓரம் ஒதுங்குகிறதா என்று ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். ஒதுங்கினால் குழாயில் மோதிவிடும். அதற்காகக் குழாயின் மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு சின்ன உலோகத் தகடுகளை வைத்திருப்பார்கள். கற்றை எதை நெருங்குகிறதோ அந்தத் தகட்டின் சிக்னல் கூடும். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது கொசு எந்தக் காதுப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடுகிறதே, அதே கணக்குதான். நான்கு சிக்னலையும் ஒப்பிட்டு, கற்றை எங்கே என்று சொல்வது எங்கள் கார்டு.

பெரம்பலூரில் கற்றைக்கு எங்கே போவது? அதனால் அதைப் போலவே நான்கு சிக்னல் கொடுக்கிற ஒரு பெட்டியை வைத்திருந்தோம். அந்தப் பெட்டிக்கு உத்தரவு போட்டு, கார்டு சொல்லும் விடையைச் சரிபார்த்து, பச்சை எழுத்தில் 'பாஸ்' என்றோ சிவப்பில் 'ஃபெயில்' என்றோ காட்டுகிற மென்பொருளை எழுதியது நான். நன்றாக எழுதியிருந்தேன். சிக்னலைக் கூட்டிக் குறைத்து, சூடு ஏறினால் என்ன ஆகிறது என்று பார்த்து, கடைசியில் அழகான ஒரு அறிக்கைத் தாளையும் அச்சடித்துக் கொடுக்கும். நான் எழுதியதில் தப்பு வராது என்று அப்போது வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். திமிர் என்றார்கள். திமிர்தான், ஆனால் வேலை தெரிந்தவளின் திமிர்.

முதல் ஆர்டர் முப்பத்தாறு கார்டு. வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். இது ஒழுங்காகப் போனால் அடுத்த ஆர்டர் வரும். ஒன்று திரும்பி வந்தாலும் எங்கள் யூனிட் பழையபடி தெருவிளக்கு டைமர் செய்யப் போய்விடும். வியாழக்கிழமை பார்சல் லாரி புக் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் முப்பத்தைந்து கார்டு பாஸாகி அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன.

கார்டுகளைச் சோதிப்பவர் செந்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு பெண். டிப்ளமா படித்தவர், என் வயதுதான் இருக்கும். பெட்டியிலிருந்து வரும் நான்கு கேபிளையும் கார்டில் மாட்டுவார், என் மென்பொருளை ஓட்டுவார், பாஸ் என்று வந்தால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். அதிகம் பேசமாட்டார். புதன்கிழமை காலை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், கடைசி கார்டு பாஸ்னு வருதுங்க. ஆனா நான் கையெழுத்து போட மாட்டேங்க."

"ஏன்?"

"பஸ் லேட்டு. அவசரத்துல மேல் கேபிளையும் வலது கேபிளையும் மாத்தி மாட்டிட்டேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இத்தனை நாளா மாட்டுறீங்க, இன்னும் ஒரு கேபிளை ஒழுங்கா மாட்டத் தெரியாதா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசையில் சால்டர் வைத்து வயர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒழுங்கா மாட்டலைன்னுதான் நானே வந்து சொல்றேன். உங்க ப்ரோகிராம் அதச் சொல்லலையே மேடம். மறுபடி வேணும்னே மூணு தடவ மாத்தி மாத்தி மாட்டிப் பாத்துட்டேன். எப்படிப் போட்டாலும் பாஸ்னுதான் வருது."

இருக்காது என்றேன். அவர் மேசைக்குப் போய் நானே கேபிளைக் கழற்றி மாற்றி மாட்டி ஓட்டினேன். பச்சை எழுத்து ஒரு குறையும் இல்லாமல் வந்து நின்றது.

காரணம் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு பக்கமும் நான் ஒரே அளவு சிக்னலைக் கொடுத்திருந்தேன். கூட்டினால் நான்கையும் சேர்த்துக் கூட்டினேன், குறைத்தால் சேர்த்துக் குறைத்தேன். நான்கும் ஒன்றாக இருந்தால் கற்றை நடுவில் இருக்கிறது என்றுதான் கார்டு சொல்லும். எந்தக் கேபிள் எங்கே போனாலும் நடு நடுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்றும் எனக்குத் தெரியும். ஸ்கிரீனில் பூஜ்யம், பூஜ்யம் என்று வந்து நிற்பது பார்க்க லட்சணமாக இருந்தது. அந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்து பார்த்த விஞ்ஞானி அதைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டு தலைக்கேறியதில் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"இப்பதான் சொல்றீங்களா?"

"இப்பதான் தெரிஞ்சுது சார்."

"அவங்க கேபிள மாத்துனாங்க, அவ்வளவுதானே? கார்டு நல்லாத்தானே இருக்கும். அனுப்பிடலாம்ல?"

"கார்டுக்குள்ளயும் நாலு குட்டி வயர் இருக்கு சார். அதுல ரெண்டு மாறியிருந்தாலும் இதே பாஸ்தான் வரும். கற்றை வலது பக்கம் ஒதுங்கும், நம்ம கார்டு மேல ஒதுங்குதுன்னு சொல்லும். ஆராய்ச்சிக் கூடத்துல அத நம்பி கற்றைய கீழ தள்ளுவாங்க. குழாயில போய் மோதும். லாரிய ஒரு நாள் தள்ளிப் போடுங்க, நான் முடிச்சுத் தரேன்."

முடியுமா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு போனை எடுத்தார்.

மதியத்துக்குள் மாற்றி எழுதிவிட்டேன். இப்போது பெட்டி ஒவ்வொரு பக்கமாகச் சிக்னலைக் கூட்டும். எந்தப் பக்கம் கூட்டினோமோ அந்தப் பக்கத்தைக் கார்டு சொல்ல வேண்டும். நல்ல கார்டு ஒன்றை எடுத்து ஓட்டப் போனேன். செந்துறைப் பெண் தடுத்தார்.

"இருங்க மேடம். மொதல்ல தப்பா குடுப்போம். தப்ப தப்புன்னு சொல்லுதான்னு பாத்துட்டு அப்பறம் நல்லத வைப்போம்."

இருபது வருடமாகக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? அவர் கேபிளை எத்தனை விதமாக மாற்ற முடியுமோ அத்தனை விதமாகவும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் சிவப்பு வந்தது. சிவப்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

பிறகு அட்டைப் பெட்டிகளைப் பிரித்தோம். ஒட்டிய டேப்பைக் கிழித்து, சுற்றிய உறையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மாட்டினோம். புதன் மாலைக்குள் பாதிக்கு மேல் முடிந்தன. எல்லாம் பச்சை. வியாழன் காலை பதினோரு மணிக்கு ஒரு கார்டு சிவப்பைக் காட்டியது. கேபிள் சரியாகத்தான் இருந்தது. கார்டின் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இரண்டு குட்டி வயர்கள் இடம் மாறியிருந்தன.

வயரை மாற்றிப் போடப் பத்து நிமிடம். மீதிக் கார்டுகளும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாஸாகிவிட்டன. பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டேன். சொன்னபடி முடித்துவிட்டேன் என்ற மிதப்பு அதற்குள் திரும்ப வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புதிய அறிக்கைகள் முப்பத்தாறையும் அச்சடித்து, கையெழுத்துக்காக அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. வயர் மாறியிருந்த கார்டின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து மேசையில் விரித்தார். பாஸ் என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"இது அப்படியே போயிருந்தா அங்கேருந்து இந்தத் தாளைத்தான் மேடம் அனுப்பிக் கேப்பாங்க. இதுல என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு."

அந்தத் தாளை வடிவமைத்ததும் நான்தான். தேதிக்கு இடம் விட்டிருந்தேன், சூட்டின் அளவுக்கு இடம் விட்டிருந்தேன், சோதித்தவர் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தேன். தப்பே வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அதில் ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அச்சடித்த முப்பத்தாறையும் கிழித்துப் போட்டேன். அவருடைய கோட்டுக்கு மேலே 'சோதனையை எழுதியவர்' என்று இன்னொரு கோடு சேர்த்து, மறுபடி அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாளிலும் போட்டு முடித்த பிறகுதான் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.