எங்கே கசிகிறது?

கீழ்வேளூர் அருகே, வாய்க்கால் ஓரத்து டீக்கடையில் காரை நிறுத்துகிறோம். நாங்கள் மூவரும் பத்திரிகைக்காரர்கள். அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி எழுத வந்துவிட்டு, இன்னும் ஒரு வயலில்கூட இறங்கவில்லை. காலையிலிருந்து டெல்லி அரசியல்தான் வாயில் ஓடுகிறது. பாதுகாப்புத் துறையின் ரகசியக் கோப்பு ஒன்று வெளியாகிப் பெரிய சர்ச்சை.

"எங்கேயோ கசியுது! எங்கேன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல" என்று நண்பர் மேசையைத் தட்டுகிறார்.

பக்கத்து பெஞ்சில் இருக்கும் விவசாயி டம்ளரை வைத்துவிட்டு, மண்வெட்டியோடு துள்ளி எழுகிறார். முழங்கால் வரை சேறு.

"எந்தப் பக்கங்க கசியுது? சொல்லுங்க, ஓடிப்போய் அடைச்சிட்டு வந்துடறேன். கடைமடைக்கு இன்னைக்குத்தான் தண்ணி எட்டியிருக்கு. என் வயலுக்கு இன்னும் ஏறல."

கசிவது தண்ணீர் அல்ல, டெல்லியில் ஒரு கோப்பு என்று விளக்குகிறேன். கடைக்கார அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். விவசாயி நிம்மதியாக உட்கார்ந்து டம்ளரை மறுபடி எடுக்கிறார்.

"அது கசிஞ்சா உங்களுக்கு நஷ்டமுங்களா?"

"இல்லைங்க. அதை வச்சுத்தான் நாங்க எழுதறதே."

"அப்புறம் எதுக்குங்க தேடுறீங்க? அடைச்சுகிடைச்சு வச்சுடப் போறாங்க. உங்க பாசனமே அதுலதானே!"